குறை என்ற பெயர்: ஒரு வெள்ளைப் பொடியின் வரலாறு குறித்து

எங்கள் ஊர் நூலகத்தின் மேற்குச் சுவரில் சாய்ந்து நின்றால் சட்டை முதுகு வெளுத்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. இது பெயிண்ட் அடித்த சுவர். நிழல் விழும் வடக்குப் பக்கம் அப்படியே இருக்க, பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் மேற்குப் பக்கம் மட்டும் கை வைத்தால் மாவாக உதிர்கிறது. மறுபடி அடிக்க வந்த பெயிண்டரிடம் காரணம் கேட்டேன். "வெயிலு தின்னுட்டு சார். மாவாட்டு உதிருது, பாத்தியளா" என்றார். அவருடைய வாக்கியத்தில் வெயில் எழுவாயாக நிற்பது என் தமிழ்ப் படிப்புக்கு உடனே பட்டது. வெயில் தனியாகத் தின்பதில்லை, பெயிண்டுக்கு வெண்மை தருகிற பொடியே வெயிலோடு கூட்டுச் சேர்ந்து தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையைத் தின்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். (சுவர் உதிர வேறு காரணங்களும் உண்டு: மட்டமான பெயிண்ட், ஈரம், கடல் காற்று. எனக்கு இங்கே வேண்டியது இந்த ஒன்று.)

கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் நண்பரிடம் இதைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது, "தமிழ் எம்.ஏ. படிச்ச ஆளு, உமக்கு எதுக்குவே டைட்டானியம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அறிவியலை அறிவியலாளர் எழுதட்டும், நாம் இலக்கியத்தையும் அரசியலையும் பார்த்துக்கொள்வோம் என்கிற வேலைப்பிரிவினை சிறுபத்திரிகைச் சூழலிலும் பெரிதாகக் கேள்வி கேட்கப்படாமல் தொடர்கிறது. ஆனால் ஒரே பொருளின் ஒரே நடத்தை ஓரிடத்தில் 'குறை' என்றும், வேறோரிடத்தில் 'உரம்' என்றும், மற்றோரிடத்தில் 'கண்டுபிடிப்பு' என்றும் பெயர் பெற்று வாழ்ந்திருக்கிறது என்றால், அந்தப் பெயரிடல்களின் வரலாறு என்னைப் போன்றவனுக்கும் உரிய விஷயம் என்றே எனக்குப் படுகிறது.

டைட்டானியம் டையாக்சைடு என்ற இந்தப் பொடியைப் பற்றி, குறிப்பாக ஒளிவினையூக்கம் பற்றி, எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிரித்தாலும் முதல் பத்தியில் 1972 என்ற ஆண்டு வந்துவிடும். அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா என்ற இரு ஜப்பானியர், 'நேச்சர்' இதழ், ஒளியால் தண்ணீரைப் பிளந்த சோதனை. இது ஒரு தோற்றக்கதை. தோற்றக்கதைகளுக்கு உள்ள எல்லா வசதிகளும் இதற்கும் உண்டு. முன்னால் இருந்ததையெல்லாம் 'முன்னோடி' என்று ஓர் அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடலாம். அந்த அடிக்குறிப்புக்குள் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை.

வெள்ளைப் பெயிண்ட் என்றால் நூறாண்டுக்கு முன்பு ஈய வெள்ளைதான். அடித்தவர்களையும் அரைத்தவர்களையும் அது கொன்றது. வயிற்று முறுக்கு, கை செயலிழத்தல், சித்தப்பிரமை. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டிடங்களின் உட்பூச்சில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னால்தான், 1916 வாக்கில், நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளை தொழிற்சாலை உற்பத்திக்கு வந்திருந்தது. நஞ்சில்லாதது, ஈய வெள்ளையைவிட நன்றாக மூடுவது. தொழிலாளி வர்க்க வரலாற்றில் இந்தப் பொடிக்கு ஒரு நல்ல இடம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நவீனத்துவத்தின் எல்லாப் பொருள்களையும் சந்தேகித்தே பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

அதே 1921-இல் கார்ல் ரென்ஸ் என்பவர் ஒரு சுவிஸ் வேதியியல் இதழில் எழுதினார். கிளிசரின் போன்ற கரிமப் பொருளோடு சேர்த்து வெயிலில் வைத்தால் வெள்ளை டைட்டானியம் ஆக்சைடு கறுக்கிறது. 1929-இல் கைடெல் ஜெர்மன் வண்ணத் தொழில் இதழொன்றில், டைட்டானிய வெள்ளை கலந்த சாயங்கள் வெயிலில் வெளிறுவதைப் பற்றி எழுதினார். 1938-இல் லண்டனில் குட்டீவும் கிச்சனரும், புறஊதா ஒளி பட்டதும் இந்தப் பொடி சாயத்தைச் சிதைப்பதையும், தான் மட்டும் மாறாமல் மிஞ்சுவதையும் அளந்து காட்டினார்கள். தான் மாறாமல் பிறவற்றை மாற்றுவது வினையூக்கி. ஒளியால் அதைச் செய்வது ஒளிவினையூக்கி. ஆக, நிகழ்வு கண்ணில் பட்டுவிட்டது, அளக்கவும் பட்டுவிட்டது. ஆனாலும் 'கண்டுபிடிக்கப்படவில்லை'. ஏன்?

ஒரு பதில், சொல் இல்லாதது. ரென்ஸ் எழுதியபோது குறைக்கடத்தி பற்றிய கோட்பாடு கிடையாது. ஆலன் வில்சன் அதை எழுதியது 1931-இல். அந்தக் கோட்பாட்டின்படி, திண்மம் ஒன்றில் எலக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலில் இருக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட பட்டைகள் உண்டு, நடுவே ஆளில்லா இடைவெளியும் உண்டு. கீழ்ப்பட்டை நிறைந்து மேல்பட்டை காலியாக இருக்கும்போது மின்சாரம் பாயாது. இடைவெளியைத் தாண்டும் அளவு ஆற்றலுள்ள ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் மேலே ஏறும், கீழே ஒரு துளை விழும். துளை என்பது இல்லாமை. ஆனால் அந்த இல்லாமை நேர்மின் துகள்போல நகரும், மேற்பரப்புக்கு வந்தால் அங்கே ஒட்டியிருக்கும் எதிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கும். தண்ணீரிலிருந்து பிடுங்கினால் ஆக்சிஜன் வரும். பெயிண்டின் பசையிலிருந்து பிடுங்கினால் சுவர் உதிரும். இரண்டுக்கும் இயக்கம் ஒன்றே. டைட்டானியம் டையாக்சைடின் இடைவெளி, படிக வகையைப் பொறுத்து, 3.0 அல்லது 3.2 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இதைத் தாண்டப் போதிய பலம் இல்லை. அதனால் தெரியும் நிறம் எதையும் விழுங்காமல் திருப்பி அனுப்புகிறது, நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளையாக இருப்பதும் புறஊதாவில் தின்பதும் ஒரே இடைவெளியின் இரண்டு முகங்கள்.

'குறைக்கடத்தி' என்ற நம் சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். குறைவாகக் கடத்துவது என்பதுதான் மொழிபெயர்த்தவர்கள் நினைத்த பொருள். ஆனால் தமிழில் 'குறை'க்கு ஊனம் என்ற பொருளும் உண்டல்லவா? தற்செயலாக அதுவும் பொருந்திவிடுகிறது. குறையில்லாத டைட்டானியம் டையாக்சைடுப் படிகம் கிட்டத்தட்ட மின்காப்புப் பொருள். ஹைட்ரஜனில் சூடாக்கி அங்கங்கே ஆக்சிஜன் அணுக்களை உருவிவிட்டால்தான், அதாவது ஊனப்படுத்தினால்தான், அது மின்முனையாக வேலை செய்யும் அளவுக்குக் கடத்தும். முழுமைவாதிகளுக்கு இந்தப் பொருளில் இடமில்லை.

சரி, சொல் இல்லாதது ஒரு காரணம் என்றால் 1931-க்குப் பிறகு? 1938-க்குப் பிறகு? இங்கேதான் இரண்டாவது பதில் வருகிறது. கேள்வி கேட்டது பெயிண்ட் தொழில். அதற்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இதை எப்படி நிறுத்துவது? நிறுத்தவும் செய்தார்கள். ஒவ்வொரு துகளையும் அலுமினா, சிலிக்கா போன்றவற்றால் மெல்லப் போர்த்திவிட்டால் துளை மேற்பரப்புக்கு வந்தும் பசையைத் தொட முடியாது. நல்ல பெயிண்டில் இன்றும் இருப்பது இப்படிப் போர்த்திய துகள்தான். சூரிய ஒளியைத் தடுக்கும் களிம்புகளிலும் அப்படியே. ஒரு பொருளின் மிகச் சுவாரசியமான குணத்தை நுட்பமாக ஆராய்ந்து, அறிந்து, அந்த அறிவைக் கொண்டே அதை வாயடைத்தார்கள். அறியாமை அறிவுக்கு எதிர்ச்சொல் என்று பழகிவிட்டோம். இங்கே அறிவே ஒரு வகை மௌனத்தை உற்பத்தி செய்கிறது. வேறு கேள்வியோடு யாரும் வராததால் 'குறை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வேறு கேள்வியோடு ஒருவர் முன்பே வந்திருந்தார் என்பது இதில் ஒரு வேடிக்கை. பொலோனியாவின் ஜாக்கோமோ சியாமிசியான் 1912 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த பயன்பாட்டு வேதியியல் மாநாட்டில் பேசினார். நிலக்கரி என்பது புதைந்த சூரிய ஆற்றல்தான், அது தீரும், ஆகவே வேதியியல் நேரடியாகச் சூரியனிடம் போக வேண்டும் என்பது அவர் வாதம். பாலை நிலங்களில் கண்ணாடிக் குழாய்கள், புகையில்லாத தொழில்கள் என்று ஒரு காட்சியை விரித்தார். பொலோனியா ஆய்வகத்தில் குடுவை குடுவையாக வெயிலில் காயவைத்துப் பார்த்தவர் அவர். கேள்வி கையில் இருந்தது, பொருள் இல்லை. நான்கு ஆண்டுகளில் பொருள் தொழிற்சாலையிலிருந்து டன் கணக்கில் வெளிவந்தது, கேள்வியோடு சேரவில்லை. 1922-இல் அவர் இறந்துவிட்டார்.

இனி அலகாபாத். நீல் ரத்தன் தர் (1892–1986), பி.சி. ராயின் மாணவர், அலகாபாத் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். 1931-இல் ஜி. கோபால ராவும் தரும் சேர்ந்து அமெரிக்க மண்ணியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மண்ணில் அம்மோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவது பாக்டீரியாவின் வேலை என்பது அப்போதும் இப்போதும் ஏற்கப்பட்ட பாடம். அவர்கள் கேட்டது: வெப்ப நாடுகளில், இந்த வெயிலில், பாக்டீரியா மட்டுமா? நுண்ணுயிர் நீக்கிய அம்மோனியக் கரைசலில் டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றைப் போட்டு வெயிலில் வைத்தார்கள். நைட்ரைட் வந்தது. மண்ணில் இயல்பாகவே உள்ள ஆக்சைடுகள் வெயிலில் வினையூக்கிகளாக இயங்குகின்றன என்பது முடிவு. லண்டனில் குட்டீவும் கிச்சனரும் சாயம் வெளிறுவதை அளந்ததற்கு ஏழு வருடம் முன்பு, அதே பொடியின் அதே குணம் அலகாபாத்தில் உழவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதிலாக நின்றது.

இந்தக் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. அம்மோனியாவைத் தொழிற்சாலையில் தயாரிக்கும் ஹேபர்-போஷ் முறைக்குப் பெரும் அழுத்தமும் வெப்பமும் மூலதனமும் வேண்டும். காலனிய இந்தியாவின் விவசாயிக்கு அந்த உரம் எட்டாத பண்டம். எட்டுவது வெயில். 1932-இல் சர்க்கரைக்குக் காப்பு வரி வந்ததும் ஐக்கிய மாகாணத்தில் ஆலைகள் பெருகின, கூடவே கழிவுப் பாகும் பெருகியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஆலைகள் விழித்த அந்தப் பாகை மண்ணில் கலந்து வெயிலில் விட்டால் நைட்ரஜன் கூடும், களர்நிலம் திருந்தும் என்று தர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்றிலுள்ள நைட்ரஜனையே வெயில் மண்ணில் நிலைநிறுத்துகிறது என்ற அளவுக்குப் போனார். மண் நுண்ணுயிரியலாளர்களிடம் அது எடுபடவில்லை. எடுபடாததற்கு நியாயமும் உண்டு. அவர் அளந்தவை மிகச் சிறிய அளவுகள், அவர் உரிமை கோரியவையோ மிகப் பெரியவை. இருந்தும் எனக்கு முக்கியமாகத் தெரிவது, பெயிண்ட் ஆலை 'குறை' என்று பெயரிட்ட வினையை ஏழை நாட்டு வேதியியலாளர் ஒருவர் நிலத்தின் வளமாக வாசித்தார் என்பது. அவருக்கு வில்சனின் பட்டைக் கோட்பாடு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொரு பொருளாதாரம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "அப்படின்னா நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோம்" என்று ஒரு குரல் கிளம்பும். கிளம்பிவிட்டது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து, நம் முன்னோர் பாத்திரங்களை வெயிலில் கவிழ்த்து வைத்ததே ஒளிவினையூக்கம்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டார். தோற்றக்கதையை உடைக்கிறேன் பேர்வழி என்று இன்னொரு தோற்றக்கதையைத் தூக்கி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தர் புராணத்திலிருந்து வரவில்லை. லண்டன், பாரீஸ் பட்டங்களோடு, அமெரிக்க இதழில், நவீன வேதியியலின் மொழியில் பேசியவர். அவருடைய வாதத்தில் ஒரு பகுதி தவறாகவும் இருக்கலாம். தவறாக இருக்கக்கூடிய உரிமையைக் கொடுக்காமல் ஒருவரை வரலாற்றில் சேர்ப்பது அவரைப் பொம்மையாக்குவது.

மணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொடி வருவது மணலிலிருந்து. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தேடி வந்தது மோனசைட்டை, கேஸ் விளக்கு வலைக்குத் தேவையான தோரியத்துக்காக. மோனசைட்டைப் பிரித்தெடுத்தபின் மலையாக மிஞ்சிய கறுப்பு மணல் இல்மனைட். அப்போது அது கழிவு. டைட்டானிய வெள்ளை வந்ததும் கழிவு சரக்காகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகச் சந்தை இல்மனைட்டில் பெரும்பங்கு அன்றைய திருவிதாங்கூர்க் கரையிலிருந்து கப்பலேறியது. ஐரோப்பாவின், அமெரிக்காவின் சுவர்கள் வெளுத்ததில் எங்கள் கரையின் கறுப்புக்கும் பங்குண்டு. பின்னாளில் ஈழத்துப் புல்மோட்டை மணலும் ஜப்பானுக்குப் போயிற்று. தாது மணல் பிரச்சினை தமிழகக் கரைகளில் முற்றி, 2013-இல் அரசு தனியார் அகழ்வை நிறுத்தியது வாசகர்கள் அறிந்ததே. 'கழிவு', 'தாது' என்ற பெயர்களுக்கு நடுவே குடியிருந்தவர்கள் மீனவர்கள். இந்த மணலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கரை.

டோக்கியோ, 1967 வசந்த காலம். ஹோண்டாவின் ஆய்வகத்தில் ஃபுஜிஷிமா இருபத்தைந்து வயதுக்காரர், ஆய்வு மாணவர். ஒளி பட்டால் மின்முனையில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். துத்தநாக ஆக்சைடு ஒளியில் கரைந்துபோனது. டைட்டானியம் டையாக்சைடு ஒற்றைப் படிகம், வைரத்துக்குப் போலியாக நகைகளில் வைத்த அதே வகைப் பொருள், கரையவில்லை. 500 வாட் செனான் விளக்கைப் போட்டால் அதன் மேல் குமிழ், எதிரே பிளாட்டினத்தில் இன்னொரு குமிழ். அணைத்தால் நின்றது. ஒன்று ஆக்சிஜன், மற்றது ஹைட்ரஜன். ஜப்பானிய மின்வேதியியலாளர்கள் முதலில் நம்பவில்லை. இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் தண்ணீர் எப்படிப் பிளக்கும்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாடி என்பவரும் 1968-இல் ஒளி பட்ட டைட்டானியம் டையாக்சைடு மின்முனையில் ஆக்சிஜன் வருவதை எழுதியிருந்தார். டிரான்சிஸ்டர் பிறந்த அந்த நிறுவனத்தின் பெரிய கேள்விகள் வேறு. அது எரிபொருள் கதையாக வளரவில்லை.

1972 ஜூலையில் 'நேச்சர்' கட்டுரை வந்தபோதும் உலகம் எழுந்து நிற்கவில்லை. எழுப்பியது 1973 அக்டோபர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. எரிபொருளில் பெரும்பகுதியைக் கப்பலில் எதிர்பார்த்து வாழ்ந்த ஜப்பான் நடுங்கியது. 1974 ஜனவரி 1 அன்று 'அசாஹி ஷிம்புன்' நாளிதழ் சூரிய ஒளியும் தண்ணீரும் எரிபொருளாகும் செய்தியை முதல் பக்கத்தில் போட்டது. குமிழ் வந்தது 1967-இல், 'கண்டுபிடிப்பு' ஆனது எண்ணெய் விலை ஏறியபின். பிறகு ஃபுஜிஷிமா ஒரு சதுர மீட்டர் டைட்டானியத் தகட்டைச் சுட்டு ஆக்சைடாக்கிக் கூரையில் வெயிலில் வைத்தார். நல்ல கோடை நாளில் 7 லிட்டர் ஹைட்ரஜன். சந்தோஷப்படலாம், ஆனால் வாயுவாக 7 லிட்டர் என்பது ஒரு குடும்பத்துக்குத் தேநீர் போடவும் முழுதாகப் போதாது. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் புறஊதா நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மீதி முழுவதையும் திருப்பி அனுப்புகிற அந்த வெண்மையே இங்கே தடையாகிவிட்டது. எண்ணெய் விலை 1980-களில் இறங்க, ஆர்வமும் இறங்கியது.

இதற்குள் 1977-இல் டெக்சாஸில் ஃபிராங்கும் பார்டும் இந்தப் பொடியால் தண்ணீரிலுள்ள சயனைடைச் சிதைத்துக் காட்டியிருந்தார்கள். ஆற்றல் உண்டாக்க முடியாவிட்டால் அழுக்கைத் தின்னச் சொல்லலாம். அழுக்குக்குப் புறஊதா நான்கு பங்கே போதும். 1990-களில் ஃபுஜிஷிமாவும் கசுஹிட்டோ ஹஷிமோட்டோவும் இந்த வழியில் இறங்க, ஜப்பானில் கழிப்பறை ஓடுகள் வந்தன, கிருமியைத் தின்னும் மருத்துவமனைச் சுவர்கள் வந்தன. 1997-இல் இன்னொன்றும் தெரிந்தது: ஒளி பட்ட இந்த மேற்பரப்பில் தண்ணீர் துளியாக நிற்காமல் தகடாகப் பரவுகிறது. கண்ணாடியில் பூசினால் மழையே அதைக் கழுவிவிடும். 2003-இல் ரோமில் கட்டி முடிக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைக் கான்கிரீட்டிலும் இதே பொடிதான். தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சுவர் என்று விளம்பரம். எங்கள் நூலகச் சுவரில் பெயிண்டர் காட்டியதும் அதே வினை. இன்று ஒரே தொழில் போர்த்திய பொடியைப் பெயிண்டுக்கும், போர்த்தாத பொடியைச் சுத்தம் செய்யவும் இரண்டு விலையில் விற்கிறது.

ஆக, உலகின் எரிபொருளாக அறிவிக்கப்பட்டது கழிப்பறை ஓட்டில் வந்து நின்றது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கழிப்பறையைக் கழுவுவது யார் வேலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த நாட்டில், கழுவ ஆள் வேண்டாத ஓடு சின்ன விஷயம் கிடையாது. ஆனால் அந்த ஓடு முதலில் போய்ச் சேர்ந்தது யாருடைய கழிப்பறைக்கு என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

தண்ணீரைப் பிளக்கும் கனவு ஒழிந்துவிடவில்லை. 2021-இல் கசுனாரி டோமெனின் குழு ஜப்பானில் 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளிவினையூக்கித் தகடுகளைத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் ஓட்டிக் காட்டியது. பொருள், அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட். சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனானது அதிகபட்சம் 0.76 சதவீதம். அதுவும் புறஊதாவில் இயங்குவதுதான். தெரியும் ஒளியில் இயங்கும், தண்ணீரில் கரையாத, விலை மலிந்த பொருளுக்கான தேடல் தொடர்கிறது.

தரின் கேள்வி என்னவாயிற்று? ஹோண்டா-ஃபுஜிஷிமா புகழடைந்தபின், 1977-இல் கலிஃபோர்னியாவில் ஷ்ரவுசரும் குத்தும் ஈரமான டைட்டானியம் டையாக்சைடு ஒளியில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது என்று எழுதினார்கள். 1983-இல் ஷ்ரவுசரின் குழு நுண்ணுயிர் நீக்கிய பாலைவன மணலில் அதைக் கண்டதாகச் சொன்னது. அலகாபாத் மீண்டும் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. இன்று இந்தத் துறையில் கட்டுரைகள் குவிகின்றன, சண்டையும் ஓயவில்லை. கிடைக்கும் அம்மோனியா அவ்வளவு சொற்பம். அது பொடி செய்ததா, ரசாயனப் புட்டியின் அழுக்கா, ஆய்வகக் காற்றிலிருந்து வந்ததா, அளக்கிறவரின் மூச்சிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவதே பெரும்பாடாக இருக்கிறது.